பலகை திரும்பும் இடம்

சிறு பிராயத்தில் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்த நாட்களில் நான் அதிகமாகப் பார்த்த காட்சி எங்கள் வீட்டு மச்சுதான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. கூடத்துக்கு மேலே தேக்குக் கட்டைகள் கிழக்கு மேற்காக ஓடும். பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால், அங்கே அதே கட்டைகள் தெற்கு வடக்காக ஓடும். ஒரே வீடு, ஒரே தேக்கு. நடுவில் ஒரு சுவர் வந்ததும் கட்டைகள் ஏன் திரும்பிக்கொள்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களைக் கேட்டேன். "எண்ணிக்கொண்டே தூங்குடா" என்று பதில் கிடைத்தது.

விடை மிகவும் சாதாரணமானது என்று வெகு காலம் கழித்துத் தெரிந்தது. நீளமான கட்டைக்கு விலை அதிகம். நீளம் கூடக் கூட நடுவில் தொய்வும் அதிகம். ஆகையால் எந்தத் தச்சனும் அறையின் குறுகிய பக்கத்தைத் தாண்டித்தான் கட்டை போடுவான். கூடம் கிழக்கு மேற்கில் குறுகியது. பக்கத்து அறை தெற்கு வடக்கில் குறுகியது. அவ்வளவுதான் ரகசியம். உலகத்தில் பல ரகசியங்கள் கடைசியில் கட்டையின் விலையில் வந்து முடிகின்றன.

நம் வீடுகளில் இந்தக் கதையை அண்ணாந்து பார்த்துப் படிக்க வேண்டும். கால் வைக்கும் தரையோ சாணமோ, காவியோ, சிமெண்டோ, செங்கல்லோ. அதற்குத் திசை கிடையாது. குளிர் தேசங்களில் விஷயம் தலைகீழ். அங்கே காலடியில் இருப்பது மரப்பலகை. பலகைக்குத் திசை உண்டு. கூரையின் அடியில் நாம் பார்க்கிற கட்டைகள் அவர்களுடைய தரைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கின்றன. கட்டைகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, ஒவ்வொரு கட்டையிலும் ஆணி அடித்தால்தான் தரை நிற்கும். கட்டை போகும் வழியிலேயே பலகையையும் போட்டால், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கால் வைத்தவன் கீழ் வீட்டுக்காரனுக்கு விருந்தாளியாகப் போக வேண்டியதுதான்.

ஆகவே பழைய ஐரோப்பிய வீட்டில், தரையைப் பார்த்தாலே அதன் எலும்புக்கூடு தெரிந்துவிடும். இந்த அறையில் பலகை நீளவாட்டில் ஓடுகிறதா? அடியில் கட்டை குறுக்கே போகிறது. வாசற்படி தாண்டியதும் பலகை திரும்புகிறதா? அங்கே கட்டையும் திரும்பியிருக்கிறது. கதவு மூடினால் எந்த இடத்தில் நிற்குமோ, சரியாக அதற்கு அடியில் ஒரு சட்டத்தைக் குறுக்கே பதித்து, இரண்டு அறைகளின் பலகைகளையும் அங்கே சந்திக்க வைப்பார்கள். கதவு மூடியிருக்கும்போது எந்த அறையிலிருந்து பார்த்தாலும் அந்தத் திருப்பம் கண்ணில் படாது.

ஏழை வீட்டில் இது யாருக்கும் உறுத்தவில்லை. ராஜாவின் வீட்டில்தான் உறுத்தியது.

பதினான்காம் லூயி 1682-ல் தம் தர்பாரையே பெயர்த்து வெர்சேல்ஸ் அரண்மனைக்குக் கொண்டுபோனார். அங்கே ராஜாவின் பெரிய அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகளைப் போல் கோக்கப்பட்டவை. கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முதல் அறை வாசலில் நின்றால் கடைசி அறையின் சுவர் வரைக்கும் பார்வை ஓடும். அப்படி ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். இந்த அறைகளுக்கு முதலில் போட்டது மரம் அல்ல. பல நிறச் சலவைக்கல். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் சலவைக்கல்லைக் கழுவாமல் இருக்க முடியாது. கழுவிய தண்ணீர் கல்லின் இடுக்குகள் வழியே இறங்கி, அடியில் இருந்த மரக் கட்டைகளை மெதுவாக அழுக வைத்தது. மேலே உலகத்தின் மிகப் பெரிய மன்னர். அவர் காலுக்கு இரண்டு சாண் கீழே உளுத்த கட்டை! கதாசிரியன் கற்பனை செய்தால், "ரொம்ப மிகை" என்று பத்திராசிரியர் அடித்துவிடுவார்.

1684-ல் சலவைக்கல்லை எடுத்துவிட்டு, ஓக் மரத் தரை போட்டார்கள். இங்கேதான் நம்முடைய திசைப் பிரச்சனை வந்து நிற்கிறது. சாதாரணப் பலகையைப் போட்டால் அறைக்கு அறை ஓட்டம் மாறலாம். நேர்கோட்டில் ஓடுகிற பார்வை ஒவ்வொரு வாசலிலும் தடுக்கி விழும். இதற்கு அவர்கள் கையாண்ட வழி மிகவும் சாமர்த்தியமானது. பலகையை விட்டுவிட்டுச் சதுரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சுமார் மூன்றடிச் சதுரமாக ஒரு சட்டம். அதற்குள் பாய் முடைகிற மாதிரி, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழும் போவது போலத் தோன்றும் மூலைவாட்டுச் சட்டங்கள். கழுந்தும் துளையுமாகக் கோத்து மர முளை அடித்து இறுக்கியவை. இந்தச் சதுரங்களைத் தரையில் பரப்பும்போதும், நேராகப் பரப்பாமல் மூலை முன்னால் வரும்படி வைரக்கல் வடிவத்தில் பரப்பினார்கள். 1693-ல் ஸ்வீடன் நாட்டு டேனியல் க்ரான்ஸ்ட்ரோம் வெர்சேல்ஸிலும் ட்ரியனான் மாளிகையிலும் இப்படி வைர வடிவில் போட்ட தரைகளைக் கண்டு எழுதியிருக்கிறார். பின்னால் உலகம் முழுவதும் இதற்கு வெர்சேல்ஸ் பார்க்கே என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதில் என்ன சாமர்த்தியம் என்றால், இந்தச் சதுரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. நான்கு பக்கத்தில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே முகம்தான். அடியில் கட்டை எப்படிப் போகிறது என்று மேலே நிற்பவனுக்குத் துப்புக் கிடைக்காது. தரை தன் எலும்பை மறைத்துக்கொண்டது. அரசாங்கங்கள் செய்கிற காரியத்தைத்தான் தரையும் செய்தது என்று சொல்லலாம். ஆனால் தச்சர்களைக் குறைவாகப் பேசுவதாக ஆகிவிடும்.

தச்சர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். பிரான்ஸில் அப்படிச் சொன்னால் கைகலப்பு வந்திருக்கும். அடியில் போகிற கட்டையை இழைத்துப் பதிப்பவர்கள் ஒரு சங்கம். மேலே வருகிற நுட்ப வேலைக்காரர்கள் இன்னொரு சங்கம். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. நுட்ப வேலைக்காரர்களுக்கு அந்த மொழியில் உள்ள பெயர் 'சிறியது' என்ற அர்த்தமுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. சின்னச் சின்ன மரத்துண்டுகளில் வேலை செய்கிறவர்கள் என்று பொருள். ராஜாவின் கண்ணில் படுகிற தரை சின்ன வேலைக்காரனுடையது. ராஜாவைத் தாங்குகிற கட்டை பெரிய வேலைக்காரனுடையது.

இதற்கும் மேலே ஒரு படி போனார்கள். ராஜாவின் மூத்த குமாரருடைய அறைக்கு ஆந்த்ரே ஷார்ல் பூல் என்ற மகா நிபுணர் பல மரங்களை இழைத்துச் சித்திரம் போலத் தரை அமைத்தார். அவர் நாற்காலி மேஜை செய்து புகழ்பெற்றவர். மேஜையின் மேல் செய்கிற வேலையைக் காலடியில் செய்தார். சுவர்களில் கண்ணாடி, கீழே மரச் சித்திரம். பார்த்தவர்கள் எல்லாரும் வியந்து எழுதினார்கள். இப்போது அந்தத் தரை இல்லை. நடப்பதற்காகப் போட்ட தரையில் இந்த மாதிரி வேலை நிலைக்காது. சதுரக் கட்டம் போட்ட தரையோ அப்படியே தொடர்ந்து வந்தது. பழுதான சதுரத்தை மட்டும் கழற்றிப் புதிதாக வைக்கலாம் என்ற சௌகரியம் அதற்கு உண்டு.

ருஷ்யாவில் இந்த மோகம் பரவியபோது அதன் கணக்கு வேறு விதமாக எழுதப்பட்டது. மாஸ்கோவுக்கு அருகே ஒஸ்தான்கினோவில் நிகோலாய் ஷெரமேத்யெவ் பிரபு 1790-களில் ஒரு மாளிகை கட்டினார். மரத்தாலேயே கட்டி, கல் போலத் தோன்றும்படி மேலே பூசிய மாளிகை. அதன் இழைப்புத் தரைகளை இன்றும் நிபுணர்கள் புகழ்கிறார்கள். அதைச் செய்தவர்கள் அவருடைய பண்ணை அடிமைகள். மாளிகையின் சிற்பிகளிலேயே சிலர் அடிமைகள்தாம். நடுவில் நாடக அரங்கம்; அதன் தரையை மாற்றிப் போட்டு நடன சாலையாக்கிவிடும் ஏற்பாடும் உண்டு. அந்த மேடையில் பாடிய ப்ரஸ்கோவியா என்ற பெண்ணும் ஓர் அடிமைதான். பிரபு அவளுக்கு 1798-ல் விடுதலை கொடுத்து, 1801-ல் கல்யாணமும் செய்துகொண்டார். தரை இழைத்தவர்களுக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் எதுவும் வரவில்லை. ருஷ்யாவில் பண்ணை அடிமைத்தனம் சட்டப்படி ஒழிய 1861 வரை ஆயிற்று.

பாரிஸ் நகரத்துக்குத் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகரத்தையே இடித்துப் புதுப்பித்தார்கள். நீண்ட வீதிகள், ஐந்தாறு மாடி வீடுகள். ராஜாவின் தரை இப்போது பணக்கார வியாபாரிக்கும் வக்கீலுக்கும் இறங்கி வந்தது. ஆனால் சதுரக் கட்டமாக அல்ல; அதற்குச் செலவு தாங்காது. சிறு பலகைகளைச் சாய்த்துச் சாய்த்து மீன்முள் போல அடுக்கினார்கள். பலகை முனைகளைச் சரிவாக வெட்டிக் கூர்மையாகச் சேர்த்தால் அதற்கு 'ஹங்கேரித் தையல்' என்று பெயர். துணியில் போடுகிற ஒரு தையலின் பெயரை மரத்துக்கு வைத்துவிட்டார்கள். வரவேற்பறையில் இந்தத் தையல். பின்பக்கத்து அறைகளிலும் நடையிலும் வெறும் நேர்ப்பலகை. சமையலறையில் சுட்ட மண் ஓடு. அந்த வீடுகளில் ஒருவன் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டே நடந்தால், எந்த வாசலில் விருந்தாளியின் எல்லை முடிகிறது, எந்த வாசலில் வேலைக்காரியின் எல்லை தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். வெர்சேல்ஸில் திருப்பத்தை மறைத்தார்கள். இங்கே திருப்பத்தை வைத்தே மனிதர்களைப் பிரித்தார்கள்.

இந்தத் தரைகளுக்கு உழைத்தவர்களை யாராவது திரும்பிப் பார்த்ததுண்டா? ஒருவர் பார்த்தார். குஸ்டாவ் கைபோத் என்ற பணக்கார வீட்டு இளைஞர் 1875-ல் ஒரு படம் எழுதினார். மூன்று ஆட்கள், இடுப்புக்கு மேலே துணியில்லாமல், மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டுகிறார்கள். அறை அவருடைய குடும்பத்து வீட்டிலேயே உள்ளது என்பது பொதுவான கருத்து. பின்னால் ஜன்னல். அதன் வழியாக வருகிற வெளிச்சம் தரையில் வழுக்கிக்கொண்டு வந்து அவர்கள் முதுகில் ஏறுகிறது. ஒரு பக்கம் ஒரு பாட்டில், ஒரு கிளாஸ். சுரண்டிய இடம் வெளுத்தும், சுரண்டாத இடம் பழைய மெருகோடு கறுத்தும், பட்டை பட்டையாகத் தரை ஜன்னலை நோக்கி ஓடுகிறது.

படங்களைத் தேர்ந்தெடுக்கும் அரசாங்கக் கண்காட்சிக்காரர்கள் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். மறு வருஷம், 1876-ல், புதுப் பாணி ஓவியர்கள் தனியாக நடத்திய கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. எமில் ஜோலா பார்த்தார். தொழிலாளிகளைப் பற்றி நாவல் எழுதி உலகத்தைக் கலக்கியவர் அவர். அவருக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. கண்ணாடி மாதிரித் துல்லியமாக இருக்கிறது, அதனாலேயே கலையாக இல்லை என்கிற மாதிரி எழுதினார். என் தொழிலில் ரொம்பப் பெரியவர். அவரோடு வழக்காட எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் அவர் கவனிக்காத ஒன்றைத் தச்சர்கள் கவனிப்பார்கள். பலகைகள் ஜன்னலை நோக்கி ஓடுகின்றன. தச்சர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வெளிச்சம் வருகிற திசையிலேயே பலகையின் நீளமும் போக வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு இணைப்பின் மேட்டிலும் வெளிச்சம் பட்டு நிழல் விழும். எவ்வளவு நன்றாக இழைத்திருந்தாலும் குறை காட்டிக் கொடுத்துவிடும். சுரண்டுகிறவனும் பலகையின் ஓட்டத்தோடுதான் சுரண்ட வேண்டும். குறுக்கே இழுத்தால் நார் கிளம்பும். ஆக, மூன்று முதுகுகளும் ஜன்னலிலிருந்து இந்தப் பக்கம் ஒரே வரிசையில் குனிந்திருப்பது ஓவியரின் இஷ்டம் மட்டும் அல்ல. தரை சொன்னபடி அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த உழைப்பைப் பாதிக்குப் பாதி குறைத்தது இயந்திரம். அது அமெரிக்காவின் பங்கு. பலகையின் ஒரு ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் காடி; ஒன்றை ஒன்றில் செருகிவிட்டால் தரை ஒரே பாளமாகிவிடும். கையால் இழைத்தால் ஒரு அறைக்கு எத்தனை நாள் என்று கேட்க வேண்டாம். நியூயார்க் மாகாணத்தில் பகீப்சி என்ற ஊர்க்காரர் வில்லியம் உட்வொர்த், பலகையை இழைத்து நாக்கும் காடியும் வெட்டுகிற இயந்திரத்துக்கு 1828-ல் காப்புரிமை வாங்கினார். ஸ்காட்லாந்தில் க்ளாஸ்கோ நகரத்து வில்லியம் ம்யூர் அதற்கு முந்தின வருஷமே இதே மாதிரி ஒன்றுக்கு உரிமை வாங்கியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உட்வொர்த்தின் உரிமை 14 வருஷம். 1842-ல் முடிந்திருக்க வேண்டும். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஆனால் உரிமை காலமாகவில்லை. மகன் மனுப்போட்டு 7 வருஷம் நீட்டித்துக்கொண்டார். 1845-ல் அமெரிக்கப் பார்லிமெண்டே இன்னும் 7 வருஷம் கொடுத்தது. இதற்குள் அந்த உரிமை ஊர் ஊராகப் பங்கு போட்டு விற்கப்பட்டிருந்தது. இந்த ஜில்லாவில் நான் மட்டும்தான் இழைக்கலாம் என்று ஒருவர். அடுத்த ஜில்லாவிலிருந்து பலகை கொண்டுவந்து விற்றால் என்ன என்று இன்னொருவர். வழக்கு மேல் வழக்கு. 1846-ல் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. முதல் தவணையில் விலை கொடுத்து இயந்திரம் வாங்கியவன், நீட்டித்த தவணையிலும் அதை ஓட்டலாம் என்று தீர்ப்பு வந்ததில் பல பேருக்கு மூச்சு வந்தது. கடைசியில் 1856-ல்தான் அந்த உரிமை ஓய்ந்தது. ஒரு பலகையின் ஓரத்தில் கால் அங்குலக் காடி. அதற்கு 28 வருஷம் வரி கட்டினார்கள் வீடு கட்டிய ஜனங்கள்.

1880-களில் இயந்திரங்கள் இன்னும் தேறின. தெற்கேயும் அப்பலாச்சிய மலைகளிலும் இருந்த பெருங்காடுகளுக்கு ரயில் பாதை போயிற்று. ஓக்கும் மேப்பிளும் மலிந்தன, காடுகள் மெலிந்தன. மெம்பிஸ் நகரம் வைரம் பாய்ந்த மர வியாபாரத்துக்கே தலைநகரம் என்று பெயர் வாங்கியது. இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் என்று ஒரு அளவு ஊரெங்கும் பரவியது. நாக்கின் ஓரத்தில் சாய்வாக ஆணி அடித்து, அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும்படி செய்தார்கள். ஆணியே தெரியாத தரை. இதுவும் வாங்க முடியாதவர்களுக்குக் கித்தானில் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் சுருட்டி, 'மரக் கம்பளம்' என்று விற்றார்கள். வாசலறைக்கு ஓக், மாடிக்குச் சாதாரணப் பைன் என்று பிரித்துப் போட்டவர்கள் அநேகம். பாரிஸ் புத்தி அமெரிக்காவிலும் உண்டு.

இப்போது நம் கட்டைக்கு வருவோம். இயந்திரம் வந்தும் கட்டையின் சட்டம் மாறவில்லை. பலகை கட்டைக்குக் குறுக்கேதான் போயாக வேண்டும். அந்தத் தளையை அறுத்தது ஓர் எளிய யோசனை. கட்டைகளின் மேல் முதலில் மட்டமான பலகைகளால் ஒரு அடித்தரை. அதன் மேல் நல்ல மரத்தால் மேல்தரை. அடித்தரையைக் கட்டைக்கு நேர்குறுக்கே போட்டால் ஒரு சங்கடம். மேல்தரையையும் அதே போக்கில் போட்டால் அடிப்பலகையின் ஏற்ற இறக்கம் மேலே வரி வரியாகக் கிளம்பும். மேல்தரையை மாற்றிப் போடலாமே என்றால், அது கட்டையின் போக்கிலேயே போய்விடும், பலம் குறையும். ஆகவே அடித்தரையை மூலைவாட்டில் போட்டார்கள்! இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் கட்டிய ஏராளமான வீடுகளுக்கு இப்படித்தான் அடித்தரை. மூலைவாட்டுப் பலகை எல்லாக் கட்டைகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டு வீட்டுக்கே ஒரு விறைப்பைக் கொடுத்தது. அதன் மேல் வருகிற ஓக் பலகை இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். அறைக்கு அறை திருப்பலாம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு மச்சில் நான் எண்ணிக்கொண்டிருந்தது கட்டைகளை மட்டும் அல்லவே! கட்டைகளுக்கு நடுவில் தெரிகிற அச்சுக்கல் வரிசைகள் கூடச் சாய்வாக, மூலைவாட்டில்தான் இருந்தன. மெட்ராஸ் டெரஸில் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்பு வைத்து, கட்டைகளுக்கு மேலே கோணத்தில்தான் வரிசை பிடிப்பார்கள். ஒரு கல் இன்னொரு கல்லை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த மச்சின் தளத்தின் மேல் நின்று வடாம் பிழிந்த பாட்டிக்கு அடியில் கட்டை எந்தப் பக்கம் போகிறது என்ற கவலையே இருந்ததில்லை. மெட்ராஸ் மேஸ்திரியும் அமெரிக்கத் தச்சனும் ஒருவரை ஒருவர் பார்த்தவர்கள் அல்லர். செங்கல்லுக்கும் பலகைக்கும் சம்பந்தமும் இல்லை. கட்டை இரண்டு பேருக்கும் ஒரே தொல்லையைக் கொடுத்தது. இரண்டு பேரும் மூலைவாட்டில் தப்பித்துக்கொண்டார்கள்.

கட்டையிலிருந்து விடுதலை வந்தும் ஒன்றிலிருந்து விடுதலை வரவில்லை. அது மரத்தின் சுபாவம். ஈரம் பட்டால் மரம் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. பச்சை மரம் முழுவதும் உலரும்போது அகலவாட்டில் வெள்ளை ஓக் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை சுருங்கும். நம் தேக்கு அதில் பாதிக்குச் சற்று மேலே. அதனால்தான் தேக்குக்கு அந்த மதிப்பு. நீளவாட்டில் எந்த மரமானாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அசையவில்லை என்றே சொல்லிவிடலாம். காய்ந்த பலகையும் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் அசைந்துகொண்டேதான் இருக்கும். பதினைந்தடி அகல அறையில் இரண்டேகால் அங்குலப் பலகை எண்பது போகும். ஒவ்வொன்றும் ஒரு தலைமயிர்க் கனம் பருத்தாலும் எண்பது மயிர்கள். சுவர் ஓரத்தில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று இடம் விட்டு, அதைக் கீழ்ச்சட்டத்தால் மூடுவது இதற்காகத்தான். இடம் விடாதவன் தரை மழைக்காலத்தில் நடுவில் கூடாரம் போலக் கிளம்பும்.

இப்போது வாசலில் நில்லுங்கள். ஒரு அறையின் பலகைகள் உங்கள் எதிரே நேராக வந்து, முனையால் முட்டுகின்றன. மறு அறையின் பலகைகள் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன. முனையால் முட்டுகிறவை இடம் கேட்பதில்லை. பக்கவாட்டில் படுத்திருப்பவை வருஷா வருஷம் இடம் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் குறுக்குச் சட்டம். அது மறு அறைப் பலகைகளோடு ஒரே திசையில் ஓடுவதால், பருப்பதிலும் சுருங்குவதிலும் அவற்றின் கட்சி. ஆனால் இந்த அறைப் பலகைகளின் முனைகளையும் அதுதான் தன் காடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல தச்சன் முதலில் இந்தச் சட்டத்தைத்தான் நூல் பிடித்துப் பதிப்பான். பிறகுதான் அறைகளுக்குள் போவான். நாக்கு இல்லாத இரண்டு காடிகள் எதிரெதிரே வந்துவிட்டால், தனியாக ஒரு மெல்லிய நாக்கைச் செதுக்கி நடுவில் செருகுவான். அவசரக்காரன் ஒரு அறையை முடித்துவிட்டு வாசலுக்கு வந்து, மிச்சமிருக்கிற சந்தை ஒரு தகட்டால் மூடிவிட்டுக் கூலி கேட்பான்.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஒட்டுப்பலகை வந்து மூலைவாட்டு அடித்தரையைத் துரத்திவிட்டது. எட்டடிக்கு நாலடித் தகடு. வேலை சீக்கிரம் முடிகிறது. அதற்கும் மேல் கம்பளம் விரித்துப் பல வீடுகளில் நல்ல ஓக் தரையையே புதைத்தார்கள். பிற்பாடு அதே கம்பளத்தைக் கிழித்துவிட்டு அடியில் இருந்த ஓக்கைக் கண்டு ஆனந்தப்படுகிற காலமும் வந்தது. வெர்சேல்ஸின் கண்ணாடி மண்டபம் 1919-ல் உலக யுத்தத்துக்கு முடிவெழுதிய ஒப்பந்தத்தைப் பார்த்தது. 2004 முதல் 2007 வரை பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. ராஜாக்கள் நடந்த வீட்டில் இப்போது டிக்கெட் வாங்கியவர்கள் நடக்கிறார்கள். கூரைச் சித்திரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களே அதிகம்.

சாதாரண வீடுகளில் வேறொரு மோகம் வந்திருக்கிறது. அறைகளைப் பிரிக்கும் சுவர் வேண்டாம் என்று இடிக்கிறார்கள். சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம் எல்லாம் ஒன்றாகி ஒரே வெளி. சுவரை ஒரே நாளில் இடித்துவிடலாம். மேலே பூசி வெள்ளையடித்துவிடலாம். தரைக்கு அது தெரியாது. பாதி வெளியில் பலகை கிழக்கு மேற்காக ஓடிக்கொண்டிருக்கும்; திடீரென்று, எந்தக் காரணமும் இல்லாமல், நடுக்கூடத்தில் திரும்பித் தெற்கு வடக்காக ஓடும். திரும்புகிற இடத்தில் நாலைந்து அங்குல அகலத்துக்குப் பலகையே இல்லாத ஒரு பள்ளம், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். அங்கேதான் பழைய சுவர் நின்றது. தச்சரைக் கூப்பிட்டு, "இது தெரியாமல் செய்ய முடியுமா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பள்ளத்தின் அகலத்தை அளக்கத் தொடங்குகிறார்.